லெனாலிடோமைடு கேட்காமல் போன மைலோமா: அடுத்து டாராவா, போமாவா?

வேலந்தாவளம்_மருமகன்:
மாமனாருக்கு வயசு 66, எடை 60 கிலோ. மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வர்ற ரத்தப் புற்றுநோய்), லாம்டா லைட் செயின் (நோய்ச் செல் சுரக்கிற புரதத் துண்டு) வகை. போர்டிசோமிப், லெனாலிடோமைடு, டெக்சா (ஸ்டீராய்டு) முடிச்சு ஸ்டெம்செல் மாற்றும் செஞ்சாச்சு. அப்புறம் லெனாலிடோமைடு 10 மி.கி. ஓடிட்டிருக்கும்போதே லைட் செயின் ஏறுது. கிரியேட்டினின் 1.7, ஹீமோகுளோபின் 8.9, பிரஷரும் உண்டு. கோயமுத்தூர்ல டாக்டர் ரெண்டு வழி சொல்றாருங்க. ஒண்ணு டாரடுமுமாப் (டாரா), கார்ஃபில்சோமிப், டெக்சா. இன்னொண்ணு போமாலிடோமைடு (போமா), சைக்ளோபாஸ்பமைடு, டெக்சா, எல்லாமே மாத்திரை. எதை வெச்சு முடிவு பண்றது? நம்ம நாட்டிலேயே கார்-டி (நோயாளியோட சொந்த ரத்த அணுவை மாத்தியமைச்சுத் திரும்ப ஏத்தற சிகிச்சை) வந்துடுச்சுங்கறாங்களே, அது ஆகுமா?

எலும்புமஜ்ஜை_டாக்டர்:
மருந்து ஓடும்போதோ, கடைசி டோஸிலிருந்து 60 நாளுக்குள்ளோ நோய் ஏறினால்தான் அந்த மருந்து "கேட்கவில்லை" என்று கணக்கு. 10 மி.கி. சின்ன டோஸ்தானே என்று விட முடியாது, லெனாலிடோமைடு போய்விட்டது. போர்டிசோமிப் அப்படியில்லை. நோய் அடங்கியிருக்கும்போதே நிறுத்தியிருந்தால் அது இன்னும் கையில் இருக்கும் மருந்து. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் கடைசி ஊசித் தேதியைப் பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இதயம் தாங்குமென்றால் என் ஓட்டு முதல் வழிக்கு. கேண்டர் ஆய்வில் கார்ஃபில்சோமிப், டெக்சா மட்டும் வாங்கியவர்களுக்கு நோய் திரும்ப ஏறாமல் இருந்த காலம் நடுமதிப்பாகச் சுமார் 15 மாதம். டாராவும் சேர்த்தவர்களுக்குச் சுமார் 28. கார்ஃபில்சோமிப்புக்குக் கிரியேட்டினின் பார்த்து டோஸ் குறைக்க வேண்டியதில்லை. அதன் தொல்லை இதயத்தில்தான். எக்கோ எடுக்காமல், பிரஷரை 140/90-க்குக் கீழே கொண்டுவராமல் ஆரம்பிக்க வேண்டாம். ஊசி போட்ட அன்று ராத்திரி மூச்சிரைத்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எக்கோ சரியில்லை, வாரா வாரம் அலைய ஆளில்லை என்றால் போமா வழி மோசமில்லை. 28 நாள் சுற்றில் 21 நாள், தினம் 4 மி.கி. நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு) 500-க்குக் கீழே போனால் நிறுத்தி, 1000 தாண்டியதும் 3 மி.கி.யில் தொடங்குவார்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் உண்டு. ஃபிஷ் சோதனையில் (புற்றுச் செல்லின் குரோமோசோம் சோதனை) 11, 14 குரோமோசோம்களுக்கிடையே இடமாற்றம் வந்தால் மட்டும் வெனிடோக்ளாக்ஸ் பற்றிக் கேளுங்கள். அது இல்லாதவர்களுக்கு அந்த மருந்தால் பெல்லினி ஆய்வில் இறப்பு கூடியது.

டேகேர்_ஃபார்மசி:
கார்ஃபில்சோமிப்பில் குப்பிக் கணக்கு போடுங்க. உடல் பரப்பு 1.6 ச.மீ. என்று வைத்தால் வாரம் ரெண்டு தடவை முறையில் (ச.மீ.-க்கு 56 மி.கி.) ஒரு வேளைக்கு 90 மி.கி. ஆகும். 60 மி.கி. குப்பி ரெண்டு உடைக்கணும், 30 வீண். சுற்றுக்கு ஆறு வேளை, 12 குப்பி. வாரம் ஒரு தடவை முறையில் (ச.மீ.-க்கு 70 மி.கி.) ஒரு வேளைக்கு 112 மி.கி., அதே ரெண்டு குப்பிதான். ஆனா சுற்றுக்கு மூணே வேளை, ஆறு குப்பி. பாதிச் செலவு, பாதி பஸ் பயணம். வாரம் ஒரு தடவை முறையில் முதல் ஊசியும், ரெண்டு தடவை முறையில் முதல் ரெண்டு ஊசியும் மட்டும் ச.மீ.-க்கு 20 மி.கி. அளவுதான்.

டாரா ரத்தக்குழாய் வழின்னா கிலோவுக்கு 16 மி.கி. எட்டு வாரம் வாரா வாரம், 24-வது வாரம் வரை ரெண்டு வாரத்துக்கொரு தடவை, அப்புறம் நாலு வாரத்துக்கொரு தடவை. முதல் நாள் ஏழு மணி நேரம் ஆகும். நடுக்கம், மூக்கடைப்பு, இருமல் பெரும்பாலும் அன்னைக்குத்தான் வரும். தோலடி ஊசி எல்லாருக்கும் 1800 மி.கி., வயிற்றில் அஞ்சு நிமிஷம். 2025 செப்டம்பர் 22 முதல் டாராவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பழைய ரேட்டில் எஸ்டிமேட் தந்தா திருப்பிக் கேளுங்க. கேரள அரசோட காருண்ய ஃபார்மசி கவுண்டரில் லாபமில்லா விலைப் பட்டியல் இருக்கு, போமா அதில் உண்டான்னு விசாரிங்க.

ரத்தவங்கி_டெக்னீஷியன்:
ஒண்ணை விட்டுட்டாங்க. ஹீமோகுளோபின் 8.9 என்றால் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். டாரா சிவப்பணுவிலும் போய் ஒட்டும்; அதுக்கப்புறம் எந்தப் பையோடு கிராஸ்மேட்ச் (ரத்தப் பொருத்தச் சோதனை) பண்ணினாலும் பொருந்தாத மாதிரியே காட்டும். கடைசி ஊசிக்கு ஆறு மாசம் கழிச்சும் அப்படி இருக்கலாம். முதல் ஊசிக்கு முன்னாடியே ரத்த வகை, ஆன்டிபாடி ஸ்கிரீன், கூடவே ஹெபடைடிஸ் பி (எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி-எச்பிசி ரெண்டும்) பார்த்து, ரிப்போர்ட்டை பர்ஸிலேயே வெச்சுக்குங்க. அவசரத்துக்குப் பாலக்காட்டில் சேர்த்தாலும் "டாரா போட்டவர்" என்று முதலில் சொல்லுங்க. தெரிஞ்சா டைதியோத்ரெய்டால் (DTT) என்ற ரசாயனம் கலந்து டெஸ்ட் பண்ணி, கெல் (ஒரு ரத்த வகைக் குறி) நெகட்டிவ் ரத்தம் எடுத்துத் தருவோம்.

எலும்புமஜ்ஜை_டாக்டர்:
கார்-டி பற்றி: 2023-ல் அனுமதி கிடைத்த நெக்ஸ்கார்19, பேரிலேயே இருக்கிற மாதிரி பி-செல் மேலுள்ள சிடி19 என்ற குறியைத் தேடிப் போவது. பி-செல் லுகேமியா, லிம்ஃபோமாவுக்கானது. மைலோமாவுக்கு அந்தச் செல்லின் மேலுள்ள பிசிஎம்ஏ-வைக் குறிவைக்கும் கார்-டி வேண்டும், அது வேறு. எது தொடங்கினாலும் அசைக்ளோவிர் தினம் 400 மி.கி. இரண்டு வேளை எழுதியிருக்கிறார்களா பாருங்கள். அக்கி வந்தால் சுற்று தள்ளிப்போகும். வலிக்கு டைக்ளோஃபெனாக் மட்டும் வாங்கித் தராதீர்கள், 1.7 கிட்னிக்கு அது ஆகாது.

வேலந்தாவளம்_மருமகன்:
நன்றிங்க. திங்கக்கிழமை எக்கோவும் ஆன்டிபாடி ஸ்கிரீனும் எடுத்துட்டு, வாரம் ஒரு தடவை முறை ஆகுமான்னு டாக்டர்கிட்டக் கேக்கறேன்.