படித்து முடித்தும் விடாத பேய்க்கதை: உங்களுக்கு எது?

திருநகர்வாசி:
ரோல்ட் டாலின் 'தி லேண்ட்லேடி' (1959) படிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜ், ராத்திரி நேரம். ரெஜிஸ்டரில் பெயர் எழுதக் குனிகிறேன். எனக்கு முன்னால் எழுதியவர் அறையைக் காலி செய்த நேரம் போடும் கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கு மேலே இருந்தவருக்கும் அப்படியே. கதையில் ஒரு வீட்டில் அறை எடுக்க வரும் பையன் பில்லி பார்க்கும் வருகைப் புத்தகத்தில் இரண்டே பெயர்தான், இரண்டும் பழசு; அந்த இருவரும் வீட்டை விட்டுப் போகவே இல்லை. வீட்டுக்கார அம்மா சிரித்த முகமாக டீ கொடுப்பார், அதில் கசப்புப் பாதாம் ருசி, விஷத்தின் ருசி. "தம்பி, டீ சொல்லவா?" என்றார் மேனேஜர். பேனா நகரவில்லை. தங்கமான மனிதர் அவர், ஆனாலும் அந்த வெற்றுக் கட்டங்கள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

மேலூர் மலர்:
எனக்கு ஜேக்கப்ஸின் 'குரங்குப் பாதம்', 1902-இல் வந்தது. மூன்று வரம் தரும் ஒரு குரங்கின் பாதம் பற்றிய கதை. காலேஜில் பாடமாக வைத்திருந்தார்கள். மகன் இயந்திரத்தில் சிக்கிச் சாவான், கம்பெனி 200 பவுண்டு கொடுக்கும். அப்பா வரம் கேட்ட அதே தொகை. நான் அதைப் படித்தது எங்கள் அண்ணன், பெரியப்பா மகன், மில்லில் இறந்த வருஷம். கம்பெனி ஆள் கவரை நீட்டியபோது பெரியம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். செத்த மகன் உயிரோடு வர வேண்டும் என்று இரண்டாவது வரம் கேட்ட பிறகு, கதவு தட்டும் சத்தம் கேட்டு அந்தத் தாய் தாழ்ப்பாளைத் திறக்க ஓடும் இடம் வந்ததும் வகுப்பை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

கீழக்குயில்குடி:
எல்லாம் வெள்ளைக்காரக் கதையாகவே இருக்கிறதே. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? நடு ராத்திரியில் அறைக்குள் பிணம் எரியும் நாற்றம் வருமே, அதற்கு ஈடு எது? நாங்கள் தத்தனேரியில் குடியிருந்தோம். காற்று மயானத்துப் பக்கமிருந்து திரும்பினால் ஜன்னலைச் சாத்துவது வழக்கம். அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது வாடை வந்தது. எழுந்து பார்த்தால், ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

மேலூர் மலர்:
அண்ணே, நான் சொன்னது எங்கள் வீட்டுக் கதை. அதை ஜேக்கப்ஸ் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

தமுக்கம் வாசகர்:
ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' (1948). சீட்டு விழுந்தவளைக் கல்லால் அடிக்க ஊரே திரளும். அவள் பிள்ளை, சின்னஞ்சிறு டேவி, அவன் கையிலும் யாரோ கூழாங்கற்களைத் திணிப்பார்கள். பேயே கிடையாது. எங்கள் ஊர் மந்தையில் கூட்டம் கூடினாலே எனக்கு அந்தப் பிஞ்சுக் கைதான் ஞாபகம் வரும்.

அப்புறம், புதிதாகப் படிக்க வருகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். விமர்சனம், யூடியூப் விளக்கம் எதையும் முதலில் பார்க்காதீர்கள். சிறுகதையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், பாதியில் வைத்தால் பயம் ஆறிப்போகும். தனியாகப் படிக்கத் தயங்குகிறவர்கள் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பகலில் போய் உட்காருங்கள், சுற்றிலும் ஆள் இருக்கும். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, இணையத்திலேயே கிடைக்கும். திருநகர்வாசி 'தி லேண்ட்லேடி'யை மறுபடி படித்தால், குளிர்காயும் கணப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும் நாயையும் கூண்டுக் கிளியையும் கவனியுங்கள். முதலிலேயே வந்துவிடும், இரண்டும் அசையாது; செத்த உடலைப் பாடம் செய்து வைத்தவை. மலர் அம்மா மட்டும் அந்தக் கதையை இனி எடுக்க வேண்டாம்.

மேலூர் மலர்:
எடுத்தாகிவிட்டது. பெரியம்மாவுக்கே வாசித்துக் காட்டினேன். கதவு திறப்பதற்குள் கடைசி வரத்தைக் கேட்டு, வந்த மகனைத் திருப்பி அனுப்பிவிட்டானே, அந்தத் தகப்பனை இன்றைக்கும் திட்டுகிறார்.