அம்மா லேப்டாப் ஆமை வேகம், ஃபார்மட் பண்ணணுமா வேணாமா?

செந்தூல்_பொண்ணு:
அம்மாவோட லேப்டாப், 2018ல வாங்குனது. சுவிட்ச் போட்டுட்டு நான் போய் ரெண்டு தோசை ஊத்தி சாப்பிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. நேத்துலேருந்து வலது பக்கம் கீழ செவப்புக் கலர்ல "5 வைரஸ் இருக்கு"ன்னு டிங் டிங்னு வருது, அம்மா பயந்துபோயி பிளக்கையே புடுங்கிட்டாங்க. பக்கத்துக் கடையில கேட்டா எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசா ஏத்தணும், அதாவது ஃபார்மட் பண்ணணும், 180 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு நாளுங்கிறாரு. போன வருஷமும் அங்கதான் ஃபார்மட் பண்ணோம். என்ன பண்ணலாம்?

பிறை_காளை:
யோசிக்காத தங்கச்சி, ஃபார்மட் பண்ணிடு. கறையான் அரிச்ச கதவுக்கு மேல பெயிண்ட் அடிச்சு என்ன பிரயோஜனம். ஸ்கேன் பண்றேன் கிளீன் பண்றேன்னு மூணு நாள் உக்காந்து கடைசியில எல்லாரும் ஃபார்மட்டுலதான் வந்து நிப்பாங்க, நான் பார்த்துட்டேன்.

ஓய்வு_பெற்ற_மவுஸ்:
தம்பி காளை, பல்லு வலிக்குதுன்னு தலையை எடுக்கச் சொல்றீங்களே. அந்த டிங் டிங் வைரஸே இல்லை. ஏதோ ஒரு சைட்ல படம் பார்க்கப் போயி "அலவ்" அமுக்கியிருப்பாங்க, அந்த சைட் குரோம் வழியா விளம்பரம் தள்ளுது, அவ்ளோதான். குரோம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அங்க தெரியாத பேரு எல்லாத்தையும் தூக்குங்கம்மா. அப்புறம் கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் எவ்ளோன்னு பார்த்துச் சொல்லுங்க.

செந்தூல்_பொண்ணு:
நோட்டிஃபிகேஷன்ஸ்ல 11 சைட் இருந்துச்சு அண்ணே!! தூக்கிட்டேன், டிங் டிங் நின்னுடுச்சு. ஆனா ஸ்லோ அப்படியேதான். சிபியு 9%, டிஸ்க் மட்டும் 100%, எறங்கவே மாட்டேங்குது.

ஓய்வு_பெற்ற_மவுஸ்:
சுத்துற ஹார்ட் டிஸ்க்கு. அதை எத்தனை வாட்டி ஃபார்மட் பண்ணாலும் ரெண்டு மாசம் நல்லா ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மாலுக்குப் போயி ஒரு 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத வேகமான டிஸ்க், வாங்கி மாத்துங்க.

பிறை_காளை:
சரி அண்ணே, எஸ்எஸ்டி ஒத்துக்கிறேன். ஆனா டிங் டிங் நின்னுடுச்சுன்னா உள்ள ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா? எங்க மாமா வீட்ல இப்படித்தான் விட்டாங்க, ஒருநாள் ஃபேஸ்புக்கே கையை விட்டுப் போயிடுச்சு, பாஸ்வேர்ட் திருடுறது எல்லாம் சத்தம் போட்டுக்கிட்டா வரும்? தங்கச்சி, விண்டோஸ் செக்யூரிட்டி திற, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில எக்ஸ்குளூஷன்ஸ்னு இருக்கும், அதுல என்ன இருக்கு?

கோமளா_மாமி:
எனக்கு கம்ப்யூட்டரே வேணாம்பா, போன்லயே சீரியல் பார்க்குறேன் 😄

செந்தூல்_பொண்ணு:
எக்ஸ்குளூஷன்ஸ்ல ஒரே ஒரு வரிதான் இருக்கு. சி டிரைவ்னு. இது என்னா?

பிறை_காளை:
ஆஆஆ. சொன்னேன்ல!! முழு சி டிரைவையும் டிஃபெண்டர், அதான் விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ், பார்க்கக் கூடாதுன்னு யாரோ எழுதி வச்சிருக்கான். காவக்காரன் கண்ணைக் கட்டிட்டு வாசல்ல உக்கார வச்ச மாதிரி லா.

ஓய்வு_பெற்ற_மவுஸ்:
அம்மாடி, அதை ரிமூவ் பண்ணிட்டு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் விடுங்க, ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் போல ஓடும், உங்க மிஷின்ல கூடவே ஆகும். வர்ற பேரை இங்க போடுங்க.

செந்தூல்_பொண்ணு:
ஹேக்டூல், ஆட்டோகேஎம்எஸ். அதோட ட்ரோஜன்னு இன்னும் ரெண்டு. விண்டோஸ் புரோன்னு காட்டுது, ஆனா வாங்குனப்போ பெட்டியில ஹோம்னுதான் போட்டிருந்துச்சு.

ஓய்வு_பெற்ற_மவுஸ்:
புரிஞ்சுபோச்சு. ஆட்டோகேஎம்எஸ்ங்கிறது காசு கட்டாம விண்டோஸை ஆக்டிவேட் பண்ற கிராக் டூல். போன வருஷம் ஒரிஜினல் ஹோமை அழிச்சுட்டு கிராக் புரோ ஏத்தியிருக்காங்க, கிராக் மாட்டிக்கக் கூடாதுன்னு டிஃபெண்டரையும் கட்டிப் போட்டிருக்காங்க. அந்தக் கதவு வழியா வந்ததுதான் மத்தது. காளை தம்பி, நீங்க சொன்னது சரி, இது துடைச்சுப் போடவேண்டிய கேஸ்தான். ஆனா அதே கடையில மட்டும் கொடுக்காதீங்கன்னு நான் கால்ல விழுந்து சொல்வேன்.

பிறை_காளை:
அதுல எனக்கும் சண்டை இல்லை அண்ணே 🙏 எஸ்எஸ்டியை மாட்டிட்டு 8 ஜிபி பென்டிரைவ்ல மைக்ரோசாஃப்ட் சைட்லேருந்து மீடியா கிரியேஷன் டூல் போட்டு ஏத்திடலாம். ஹோமோட லைசன்ஸ் கீ மதர்போர்டுக்குள்ளயே இருக்கும், நெட் வந்தா தானா ஆக்டிவேட் ஆயிடும், காசு கட்டவேண்டாம். பென்டிரைவை மட்டும் வேற கம்ப்யூட்டர்ல செய்.

ஓய்வு_பெற்ற_மவுஸ்:
2018 மாடல்னா பிராசஸர் எந்தத் தலைமுறைன்னு பாருங்க. இன்டெல் 8க்குக் கீழன்னா விண்டோஸ் 11 ஒத்துக்காது, 10க்கோ 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட் போடுங்களேன்.

பிறை_காளை:
அண்ணே, அம்மாவுக்கு லினக்ஸ் போட்டுட்டு தினம் செந்தூல் வந்து நீங்க சொல்லிக் குடுப்பீங்களா?

ஓய்வு_பெற்ற_மவுஸ்:
தோசை கிடைச்சா வர்றேன். அதைவிட முக்கியம், அம்மா அதுல பேங்க் திறந்தாங்களா? பாஸ்வேர்ட் எல்லாத்தையும் போன்லேருந்து மாத்துங்க, அந்த லேப்டாப்லேருந்து வேணாம். பணம் ஏதும் போயிருந்தா உடனே பேங்குக்கும், மலேசியாவோட மோசடிப் புகார் நம்பர் 997க்கும் அடிங்க.

செந்தூல்_பொண்ணு:
பேங்க் போன்லதான் பார்ப்பாங்க, தப்பிச்சோம். ஏழாம் தலைமுறைன்னு காட்டுது, ஞாயித்துக்கிழமை லோ யாட் போறேன். இப்போ நெட்டைப் புடுங்கிட்டு போட்டோ மட்டும் எக்ஸ்டர்னல்ல காப்பி போடுறேன், தைப்பூசம், அக்கா கல்யாணம்னு 8,000க்கு மேல இருக்கு. 3%ல நிக்குது. அம்மா பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு "அழிச்சுடாத, அழிச்சுடாத"ங்குறாங்க.