‘ஃப்ளிப் கிட்’டுக்குத் தமிழ் வேண்டும், புதன்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர், இந்திராநகர் (திங்கள் காலை)

எல்லாருக்கும் வணக்கம். புதன் மாலைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். பழைய செவர்லே சி10 பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்துகிற வேலை. படிக்கப் போகிறவர்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து பெங்களூருக்கு வந்து பட்டறையில் தொழில் கற்கும் பிள்ளைகள். மற்றதெல்லாம் ஓடிவிட்டது, ‘ஃப்ளிப் கிட்’ என்ற இடத்தில் நிற்கிறேன். நான் புரிந்துகொண்டது: பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு, பட்டைக்கு (வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) கீழே கட்டியிருக்கிறது; அவிழ்த்துப் பட்டைக்கு மேலே வைத்துக் கட்டினால் வண்டி ஐந்தாறு அங்குலம் இறங்கிவிடும். ‘புரட்டுத் தொகுதி’ என்று எழுதினேன். புரட்டு என்றால் பொய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, அடித்துவிட்டேன். பின்னிறக்கம்? அச்சேற்றம்? சொல்லுங்கள்.

பட்டறைக்காரர், லிங்கராஜபுரம் (திங்கள் மதியம்)

மேடம், புரிஞ்சுக்கிட்டது சரி. ஆனா எல்லா சி10-க்கும் இது ஆகாது, அதை முதல் பக்கத்திலேயே போடுங்க. 1967-72 செவர்லேயில் பின்னாடி பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங். 1973-லிருந்து 87 வரை வந்ததில்தான் பட்டை.

இன்னொண்ணு, சென்டர் போல்ட். பட்டைக் கட்டின் நடுவில் இருக்கும். அதோட தலை அச்சின் சீட்டில் உள்ள ஓட்டைக்குள்ள போய் உட்காரும். அச்சு முன்னே பின்னே நகராம நிக்கிறது அதனாலதான், அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டுற யூ போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும். அச்சு மேலே போயிட்டா இந்தத் தலையும் மேலே பார்க்கணும். பட்டைங்க எல்லாத்தையும் சேர்த்துக் கிளாம்பில் இறுக்கிப் பிடிச்சு, அப்புறம்தான் போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போடணும். கிளாம்ப் இல்லாமக் கழற்றினா பட்டை விரிஞ்சு அடிக்கும். எனக்கு அடிச்சிருக்கு. இடது கட்டைவிரல் நகம் இன்னிக்கும் கோணலாத்தான் வளருது. பசங்க படிக்கிற கையேடு, இதைத் தடித்த எழுத்தில் போடுங்க.

பேருக்கு வந்தா, நாங்க ‘அச்சை மேல போடு’ன்னுதான் சொல்வோம். ‘பின்னாடி இறக்கு’ன்னா பையன் சரக்கை இறக்கப் போயிடுவான்.

தமிழாசிரியர் (ஓய்வு), அல்சூர் (திங்கள் இரவு)

அம்மா, ‘அச்சேற்றம்’ வேண்டாம். நூல் அச்சேறியது என்று நூறு ஆண்டுக்கு மேல் எழுதிவிட்டோம். இனி அந்தச் சொல் அச்சகத்துக்கே உரியது.

‘அச்சு’ என்பதே வேண்டுமா என்பது என் முதல் கேள்வி. வடமொழி ‘அக்ஷ’த்தின் வழி வந்தது என்பார் உண்டு. நம் ஊர் மாட்டுவண்டிக்காரரிடம் ‘இருசு’ என்ற தூய சொல் இருக்கிறது. ‘இருசுக்கட்டை முறிந்தது’ என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ‘மேலிருசு’ என்று சொல்லிப் பாருங்கள், நாவுக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!

பட்டை என்பதும் எனக்கு உவப்பில்லை. மரப்பட்டையா, நெற்றிப்பட்டையா? ‘வில்’ இருக்கிறதே. அடியில் வளைந்த இரும்புத் தகடுகள் வைத்த மாட்டுவண்டிக்கு ‘வில்வண்டி’ என்று நம் மக்கள் தாமாகவே பெயர் வைத்தார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. லாரியின் அடியில் இருப்பது அதே வில்தான்.

பாலிடெக்னிக் ஆசிரியை, ஜாலஹள்ளி (செவ்வாய் காலை)

ஐயா, வில்வண்டி அழகான சான்று. அதற்கு மறுப்பில்லை. ஆனால் இருசை என் வகுப்பில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அச்சு வடசொல் என்றே வைத்துக்கொள்வோம். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்று வள்ளுவரே வண்டிக்கு எழுதிவிட்டாரே. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிகிற குறளை அறியாத பிள்ளை இல்லை. வள்ளுவருக்குக் கூசாத சொல் நமக்கு ஏன் கூச வேண்டும்?

நான் சொல்ல வந்தது வேறு. இறக்கம், தாழ்வு, தணிப்பு என்று விளைவை வைத்துப் பெயரிட்டால் பெயரே பொய்யாகிவிடும். வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கிறது. மலைப்பாதைக்காகப் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டுகிறார்கள், ஜீப் உயர்ந்துவிடுகிறது. சி10-இல் இதையே தலைகீழாகச் செய்கிறோம், வண்டி தாழ்கிறது. இரண்டும் புரட்டல்தான், ஒன்று ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது. ஆகவே அச்சு எங்கே இருக்கிறதோ அதைச் சொல்வோம்: மேலச்சு, கீழச்சு. லாரி கீழச்சு, வில்லிஸ் மேலச்சு. சி10 கீழச்சாக வந்து மேலச்சாக மாறுகிறது.

‘தணிப்பு’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷாக் அப்சார்பரை ‘அதிர்வு தணிப்பான்’ என்று பாடம் நடத்துகிறோம். இந்த வேலையில் குட்டையான தணிப்பானும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு தணிப்பு வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), அல்சூர் (செவ்வாய் மதியம்)

குறளால் அடித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. அச்சை ஏற்கிறேன். ஆனால் ‘கீழச்சு’ என்றதும் என் மனம் புறநானூற்று 102ஆம் பாட்டுக்குப் போகிறது. உமணர் உப்பு வண்டியில் பாரம் பெரிது. பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’. அதாவது மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போனார்கள். ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இன்று ஸ்டெப்னி என்கிறோமே, அதற்குச் ‘சேமச் சக்கரம்’ என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், எவரும் செவிசாய்க்கவில்லை. அது கிடக்கட்டும். இலக்கியம் படித்தவனுக்குக் கீழச்சு என்றால் அடியில் கட்டிய மாற்று அச்சுதான் தோன்றும்.

பட்டறைக்காரர், லிங்கராஜபுரம் (செவ்வாய் மாலை)

ஐயா, அந்தப் பாட்டை நம்ம பசங்களுக்கு வந்து ஒருநாள் சொல்லணும், மனசாரக் கேக்கிறேன். அடியில் அச்சைக் கட்டிக்கிட்டுப் போனவன் தொழில் தெரிஞ்சவன்.

மேலச்சு எனக்குச் சரி. பட்டையை மட்டும் மாத்தாதீங்க. வண்டி உதிரிபாகம் விக்கிற ஜே.சி. ரோட்டில் போய் ‘வில் குடுங்க’ன்னா அம்பு எங்கேன்னு கேப்பாங்க. மெயின் பட்டை, ரெண்டாம் பட்டைன்னு எண்ணித்தான் வாங்கறோம்.

இன்னொரு வார்த்தையும் வேணும். அச்சு மேலே வந்தா குழியில் விழும்போது வண்டியோட அடிச்சட்டத்தில், அதான் சேசியில், இடிக்கும். அதுக்காகச் சேசியோட அடியை வளைவா வெட்டி எடுத்து, வெட்டின இடம் பலம் போகாம கனமான தகடு வெச்சுப் பூட்டணும். இங்கிலீஷ்ல ‘சி நாட்ச்’.

மொழிபெயர்ப்பாளர், இந்திராநகர் (செவ்வாய் இரவு)

அண்ணா, ‘பிறைவெட்டு’ எப்படி? பிறையைக் கவிழ்த்து வைத்தது போலத்தானே இருக்கிறது.

பாலிடெக்னிக் ஆசிரியை, ஜாலஹள்ளி (செவ்வாய் இரவு)

பிறைவெட்டு அருமை. பேச்சே வேண்டாம், போடுங்கள். அச்சின் மூக்கு (இன்ஜின் பக்கமிருந்து வரும் தண்டு சேரும் முனை) சாய்ந்துபோனால் கோணம் திருத்த வைக்கிற துண்டுக்கு ‘ஆப்பு’ போதும், தச்சர் சொல். மேலச்சு புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. மேலாடை, மேலுதடு போலத்தான். ‘கல்லணை’ போல லகரம் இரட்டிக்க அங்கே தனிக்குறில் இல்லை.

மொழிபெயர்ப்பாளர், இந்திராநகர் (புதன் காலை)

மேலச்சுத் தொகுதி, பட்டை, பிறைவெட்டு, ஆப்பு. இவற்றோடு முடிக்கிறேன். நாலு பேரில் மூவர் மேலச்சு. ஐயா, உங்கள் மறுப்பை மறக்கவில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு), அல்சூர் (புதன் காலை)

காலக்கெடுவுக்காக விட்டுக்கொடுக்கிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கீழச்சு தவறு. ‘பட்டையடி அச்சு’ என்று விரித்தாவது எழுதுங்கள். வில்லைப் பட்டை என்று எழுதியதும் எனக்கு வருத்தமே.

பட்டறைக்காரர், லிங்கராஜபுரம் (புதன் மதியம்)

மேடம், நீங்க அனுப்பின பக்கத்தைப் பசங்ககிட்ட வாசிச்சுக் காட்டினேன். பிறைவெட்டுன்னதும் ஒருத்தன் சாக்பீஸை எடுத்து சேசியிலேயே சரியா வரைஞ்சான். மேலச்சுக்கு ஓசூர்ப் பையன் கேட்டான்: ‘எதுக்கு மேல? பட்டைக்கு மேலயா, சேசிக்கு மேலயா?’ நியாயமான கேள்வி. முதல் தடவை வர்ற இடத்தில் மட்டும் ‘பட்டைக்கு மேல் அச்சு’ன்னு முழுசாப் போட்டுடுங்க. நாலு மணிக்கு முன்னாடி முடியுமா?

மொழிபெயர்ப்பாளர், இந்திராநகர் (புதன் 3.20)

போட்டுவிட்டேன் அண்ணா. கிளாம்ப் வரியும் தடித்த எழுத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் ‘ஷாக்கிள்’, பட்டையின் முனையைச் சேசியோடு கோக்கும் துண்டு.