அட்டையில் இருப்பது நிசமா, புளுகா? 'வுட் ஐ லை டு யூ' பார்ப்பவர்களும் வீட்டில் ஆடுபவர்களும் கவனித்தவை

எதிரில் இருப்பவர் சொல்வது நிசமா பொய்யா என்று கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பற்றிப் பலர் எழுதிய குறிப்புகள் இவை; நட்சத்திரக் குறிக்குப் பிறகு பேசுபவர் மாறலாம். பிபிசி தொலைக்காட்சியில் 2007-இல் தொடங்கிய 'வுட் ஐ லை டு யூ' (உன்னிடம் பொய் சொல்வேனா?) என்ற நகைச்சுவைப் போட்டி நிகழ்ச்சியிலிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு தொடர்களை நடத்தியவர் ஆங்கஸ் டீட்டன். 2009-இலிருந்து ராப் பிரைடன். ஒரு பக்கம் நகைச்சுவைக் கலைஞர் லீ மேக், இன்னொரு பக்கம் இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் டேவிட் மிட்செல். தொடக்கத்திலிருந்து இந்த இருவர்தான் அணித் தலைவர்கள், ஆளுக்கு இரண்டு விருந்தினர். ஒருவர் தன் முன்னால் இருக்கும் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படிப்பார். எதிரணி அவரைக் குடைந்து குடைந்து கேட்கும். கடைசியில் நிசமா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பு சரியென்றால் கேட்ட அணிக்குப் புள்ளி, ஏமாந்தால் சொன்ன அணிக்கு.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்த அட்டையைப் படிக்கிறவரே அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். உண்மைகள் அவரிடமே முன்பு பேசி வாங்கப்பட்டவை; பொய்களை எழுதுவது நிகழ்ச்சித் தரப்பு. ஆகவே உண்மை அட்டை கைக்கு வந்தால் அவர் தன் நினைவைத் திறந்தால் போதும். பொய் அட்டை வந்தால், இல்லாத ஊர், இல்லாத ஆட்கள், இல்லாத காரணம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கட்டியெழுப்ப வேண்டும். அதுவும் எதிரில் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே. நாம் பிடிக்க வேண்டியது அந்தக் கட்டுமான வேலையின் சத்தத்தை.

'இப்படியெல்லாம் நடக்குமா?' என்று வாக்கியத்தின் விநோதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதுதான் இந்த விளையாட்டில் அதிகம் நடக்கும் தவறு. பொய் மாதிரி தெரிகிறது என்பதற்காகத்தான் அந்த உண்மையைத் தேர்ந்தெடுத்தே வைத்திருக்கிறார்கள். தெரியாத்தனமாக ஒரு குதிரையை வாங்கிவிட்டதாக, விருந்தினராக வந்த நகைச்சுவைக் கலைஞர் கெவின் பிரிட்ஜஸ் சொன்னது நிசம். வெறுங்கையால் ஆப்பிளை இரண்டாகப் பிளப்பேன் என்று இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் பாப் மார்ட்டிமர் சொன்னதும் நிசம். அங்கேயே செய்து காட்டினார். அட்டை வாக்கியம் வெறும் கதவு. அதன் நிறத்தைப் பார்த்து வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

*

மார்ட்டிமர் பேச்சு வந்ததால அதையே கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன். தன் பல்லுக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கிறதா அவர் சொன்னாரு. கேட்ட எல்லாருக்கும் சுத்தப் புளுகுன்னுதான் தோணும். ஆனா பல்லை அடைக்க எதைப் பயன்படுத்துறீங்கன்னு கேட்டப்போ, 'ஃபூஜி நைன்'னு பேரோட வந்துச்சு பதில். பல் மருத்துவர்கள் அடைப்புக்கு நிஜமாவே பயன்படுத்துற சிமெண்ட் அது. கதை உண்மைதான்.

இதுல இருந்து 'விவரம் நிறைய இருந்தா உண்மை'ன்னு எடுத்துக்கிட்டா மோசம் போவோம். நல்லா புளுகுறவங்க விவரத்தைக் கொட்டுவாங்க. எந்த மாதிரி விவரம், எப்போ வருதுங்கிறதுதான் பார்க்கணும். மூணு ரகம் இருக்கு.

கேள்விக்குப் பதிலா மட்டும் பிறக்கிற விவரம் ஒண்ணு. "சட்டை என்ன நிறம்?" "நீலம்." இதுக்கு மதிப்பே இல்ல, யாரும் சொல்லிடலாம்.

கதைக்கு அழகு சேர்க்கிற விவரம் இன்னொண்ணு. எல்லாம் நகைச்சுவையை நோக்கியே போகும்: போலீஸ்காரர் பேரு வேடிக்கையா இருக்கும், நாய் சரியான நேரத்துல குரைக்கும். தொழில்முறை நகைச்சுவைக் கலைஞர் பேசும்போது இது உண்மையிலும் வரும், பொய்யிலும் வரும். அதனால இதை வச்சும் முடிவு பண்ண முடியாது.

மூணாவதுதான் தங்கம். கதைக்கு எந்த உதவியும் செய்யாத, சில நேரம் கதையையே கெடுக்கிற விவரம். "இல்ல இல்ல, அது வியாழக்கிழமை, ஏன்னா மறுநாள் கடை லீவு"ன்னு தன்னையே திருத்திக்கிறது. "அது எனக்கு ஞாபகம் இல்ல"ன்னு கூச்சமில்லாம ஒத்துக்கிறது. சாட்சி வாக்குமூலங்களை ஆராயுற உளவியலாளர்கள் இந்த ரெண்டையும் உண்மைப் பக்கத்து அறிகுறின்னே கணக்குல வைப்பாங்க. பொய் சொல்றவருக்கு 'ஞாபகம் இல்ல'ன்னு சொல்லப் பயம், மாட்டிக்குவோமோன்னு. அதனால எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பாரு. பத்து கேள்விக்குப் பத்துப் பதிலும் தடையில்லாம வந்தா நான் பொய்ப் பக்கம் சாய்வேன்.

*

மேலே சொன்ன மூன்றாவது ரகம் தானாக வராது, கேள்வி கேட்டு வரவழைக்க வேண்டும். கேட்கும் வரிசை முக்கியம்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடாதீர்கள். பொய் அட்டை கிடைத்தவர் முதல் பத்து வினாடியில் தயார் செய்வதே அந்த 'ஏன்'தான். நீங்களாகவே அவருடைய வலுவான இடத்துக்குப் போகிறீர்கள். இடத்தில் தொடங்குங்கள். அறையின் வாசல் எந்தப் பக்கம், நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்களுக்கும் அவருக்கும் நடுவில் என்ன இருந்தது. ஆல்டெர்ட் விரை என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிலர் ஜோடியாக உணவகத்தில் சாப்பிட்டார்கள். வேறு சில ஜோடிகள் சாப்பிட்டதாகப் பொய் சொன்னார்கள். எதிர்பார்த்த கேள்விகளில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தைப் படமாக வரையச் சொன்னதும் பொய் ஜோடிகளின் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதை வைத்து 80 சதவீதம் வரை சரியாகப் பிரிக்க முடிந்தது. தொலைக்காட்சியில் வரையச் சொல்ல வழியில்லை. வீட்டில் ஆடும்போது ஒரு தாளும் பேனாவும் மேசையில் வைத்துவிடுங்கள்.

இடத்துக்கு அடுத்து விளிம்புகள். சம்பவத்துக்கு அரை மணி நேரம் முன்பு எங்கே இருந்தார், முடிந்தபின் எப்படி வீடு திரும்பினார். பொய்க்கு நடுப்பகுதி மட்டும்தான் இருக்கும். முன்னும் பின்னும் வெற்றிடம். பிறகு மற்றவர்கள்: இதை முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்? நிசமாக நடந்த விநோதத்தை யாரும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. உடனே ஒருவரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள், அவர் முகம் சுளித்ததோ திட்டியதோ நினைவில் இருக்கும். இந்தக் கேள்வியில் நின்று யோசிப்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் காசு. எவ்வளவு ஆனது, யார் கொடுத்தது? பொய் சொல்பவர்கள் செலவுக் கணக்கை மறந்தேபோகிறார்கள்.

கதையைப் பின்னாலிருந்து முன்னுக்குச் சொல்லச் சொல்வதும் விரை குழு 2008-இல் சோதித்த உத்திதான். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய பள்ளிக்கூடக் கதையை உண்மை பேசுபவரும் தலைகீழாகச் சொல்லத் திணறுவார். அண்மைக்காலச் சம்பவத்துக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

*

கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பேன் என்கிறவர்களுக்காக இது. பாண்டும் டிபாலோவும் என்ற உளவியல் ஆய்வாளர்கள், பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய 206 ஆய்வுகளை 2006-இல் திரட்டிப் பார்த்தார்கள். 24,483 பேர் அளித்த தீர்ப்புகள். சராசரியாகச் சரியாகச் சொன்னது 54 சதவீதம். நாணயம் சுண்டினால் 50. அந்த 54-க்குள்ளும் ஒரு சாய்வு இருக்கிறது: உண்மையை உண்மை என்றது 61 சதவீதம், பொய்யைப் பொய் என்றது 47 தான். மனிதர்களுக்கு இயல்பாகவே நம்பத் தோன்றும். இந்த விளையாட்டில் சந்தேகப்பட்டே ஆக வேண்டும் என்று தெரிந்திருப்பதால் அந்தச் சாய்வு சிலருக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் பொய் என்கிறார்கள். இரண்டுமே புள்ளியை இழக்க வைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் 1994-இல் பிரிட்டனில் நடத்தியது. சர் ராபின் டே என்ற புகழ்பெற்ற அரசியல் பேட்டியாளரிடம் பிடித்த திரைப்படம் பற்றி இரண்டு பேட்டி எடுத்தார்கள். ஒன்று நிசம், ஒன்று பொய். தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் சுமார் 52 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். செய்தித்தாளில் எழுத்தாகப் படித்தவர்கள் 64 சதவீதம். வானொலியில் குரலை மட்டும் கேட்டவர்கள் 73 சதவீதம். முகம் தெரிந்தவர்கள்தான் கடைசி! வலது பக்கம் மேலே பார்த்தால் பொய் என்ற பரவலான நம்பிக்கையையும் வைஸ்மன் குழு 2012-இல் சோதித்தது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு பயிற்சி. பழைய பகுதிகளைத் திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். பதிலுக்கு முந்தைய இடைவெளி, கேள்வியைத் திரும்பக் கேட்டு நேரம் வாங்குவது, சிரிப்பை எழுப்பிவிட்டு அந்தச் சிரிப்புக்குள் ஒளிந்து அடுத்த வரியை யோசிப்பது எல்லாம் காதுக்குத்தான் தெளிவாகப் பிடிபடும். ஒரு எச்சரிக்கை: ஒளிபரப்பாவது அரை மணி நேரம், படப்பிடிப்பு அதைவிட மிக நீளம். வெட்டி ஒட்டியிருப்பார்கள். அங்கே தெரியும் இடைவெளியை அப்படியே நம்ப முடியாது.

*

'வுட் ஐ லை டு யூ'வில் வரும் 'திஸ் இஸ் மை' (இவர் என்னுடைய...) சுற்றைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லையே. அது தனிக் கணக்கு. ஒரு அந்நியர் வந்து நிற்பார், வாயைத் திறக்கமாட்டார். ஒரு அணியின் மூன்று பேரும் 'இவர் எனக்கு இன்னார்' என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்றுதான் நிசம். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. அமெரிக்காவில் 1956-இல் தொடங்கிய 'டு டெல் த ட்ரூத்' என்ற தொலைக்காட்சிப் போட்டி இதன் முன்னோடி எனலாம், அங்கே குறிப்பிட்ட ஓர் ஆள் நான்தான் என்று மூன்று பேர் வந்து நிற்பார்கள்.

இரண்டு பொய்களும் அந்த அந்நியரைப் பார்த்தால் பொருந்த வேண்டும் என்று யோசித்து எழுதப்பட்டவை. உண்மை யாருக்கும் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை, அது பாட்டுக்கு நடந்தது. ஆகவே ஆஜானுபாகுவான ஒருவர் நின்றால் 'குத்துச்சண்டைப் பயிற்சியாளர்' என்ற கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரே கேள்வியை மூவரிடமும் கேளுங்கள்: 'கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?' மூன்றாவது பேசுபவருக்கு முன்னவர்கள் தடுக்கி விழுந்த இடம் தெரிந்துவிடும் என்பதால், கடினமான கேள்வியை அவரிடம் முதலில் கேட்பது நல்லது.

*

வானொலிப் பிரியர்களுக்கு: பிபிசி ரேடியோ 4-இல் டேவிட் மிட்செல் நடத்தும் 'தி அன்பிலீவபிள் ட்ரூத்'. இங்கே நிலைமை தலைகீழ். பேசுபவர் ஒரு தலைப்பில் முழுக்கப் பொய்யாக உரையாற்றுவார், நடுவே ஐந்து உண்மைகளை ஒளித்து வைத்திருப்பார். மற்றவர்கள் பஸ்ஸர் அழுத்தி உண்மையைப் பிடித்தால் ஒரு புள்ளி, தவறாக அழுத்தினால் ஒரு புள்ளி போகும். பிடிபடாத உண்மை ஒவ்வொன்றுக்கும் பேசுபவருக்கு ஒரு புள்ளி. கணக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் நம்பிக்கை இருந்தால் அழுத்தலாம். பேசுபவர்தான் உங்களுக்கு நெருக்கமான போட்டியாளர் என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலும் அழுத்துவது லாபம், ஏனென்றால் அவர் புள்ளியையும் பறிக்கிறீர்கள். உண்மை பெரும்பாலும் பெரிய சிரிப்புக்கு அடுத்த வாக்கியத்தில் இருக்கும், அல்லது மூன்று பொய்களை அடுக்கும் பட்டியலின் நடுவில்.

*

தமிழ்ல வீட்டுல ஆடுறவங்களுக்கு, அட்டை தயார் பண்றதுலதான் முக்கால்வாசி ஆட்டம் கெடுது. ஆறு பேர், ரெண்டு அணி, ஆடாத ஒருத்தர் நடுவர். ரெண்டு நாள் முன்னாடியே ஆளுக்கு நாலு உண்மையை நடுவர்கிட்ட மட்டும் சொல்லிடணும். அதைப் பார்த்துட்டு நடுவர் ஆளுக்கு நாலு பொய் எழுதணும். அவங்க வாழ்ந்த ஊர், செஞ்ச வேலைக்குப் பக்கத்துல இருக்கிற மாதிரி. உண்மை அட்டையா பொய் அட்டையாங்கிறதை ஒவ்வொரு தடவையும் காசு சுண்டி முடிவு பண்ணுங்க. 'பாதிக்குப் பாதி'ன்னு வச்சா கடைசி அட்டையை எண்ணியே கண்டுபிடிச்சிடுவாங்க.

எல்லா அட்டையும் நடுவர் கையெழுத்துல, ஒரே நீளத்துல, ஒண்ணு ரெண்டு வரிக்குள்ள. உண்மையை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதாதீங்க, அவங்க பேச்சு வாடை அடிக்கும். படிக்கிறவர் ரெண்டு தடவை சத்தமாப் படிக்கணும்னு விதி வைங்க. உண்மைக்காரர் முதல் மூணு வார்த்தையிலயே புரிஞ்சுக்கிட்டு வேகமா ஓடிடுவாரு, பொய்க்காரர் ஒவ்வொரு எழுத்தா நடப்பாரு. ரெண்டாவது வாசிப்பு அந்த வித்தியாசத்தை மூடிடும். கேள்விக்கு மூணு நிமிஷம் போதும்.

சொந்தக்காரங்களோட ஆடினா, அந்தக் கதை தெரிஞ்சவங்க எதிரணியில இருக்கக் கூடாது. அக்கா தம்பி, புருஷன் பொண்டாட்டி ஒரே அணியில.

நம்ம மொழி கேள்வி கேக்கிறவருக்கு ஒரு நல்ல ஆயுதம் தருது. "மாமா"ன்னு சொன்னா, "அம்மாவோட தம்பியா, அத்தை வீட்டுக்காரரா?"ன்னு கேளுங்க. "சொந்தக்காரர் ஒருத்தர்"ன்னு நழுவினா விடாதீங்க, பெரியப்பாவா சித்தப்பாவான்னு நிறுத்துங்க. அவரை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு கேளுங்க. நிஜ மனுஷருக்கு வீட்டுல ஒரு கூப்பிடு பேர் இருக்கும், உடனே வாயில வரும். காலத்துக்கும் இதே வழி: வருஷம் கேக்காதீங்க, அது தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா, பரிட்சை முடிஞ்சிருந்துச்சா, மழைக்காலமான்னு கேளுங்க. வருஷத்தை யாரும் கணக்குப் போட்டுச் சொல்லிடலாம். பொங்கல் லீவுல நடந்துச்சுன்னு சொன்னவர், ரெண்டு கேள்வி தள்ளி அன்னைக்கு ஸ்கூல்ல வாத்தியார் அடிச்சாருன்னு சொல்வாரு. அங்க புடிங்க.