தோட்டத்துல இருந்தே கம்பத்து டேலிய ஓட்டலாமா, இல்ல லேப்டாப்தானா?

கம்பம்கணக்கு:
அண்ணன்மாரே ஒரு யோசனை வேணும். கம்பத்துல ஒரு ஏலக்கா கமிஷன் கடைல கணக்கு எழுதுறேன், காய் எடுப்பு ஆரம்பிச்சா வாரத்துல நாலு நாள் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டத்து ஸ்டோருக்குப் போயிருவேன், கணக்கு எழுதுற சாஃப்ட்வேர் டேலி இருக்குறது கீழ கடை டெஸ்க்டாப்புல. கைல எட்டு இஞ்ச் டேப் இருக்கு, அத வச்சே கீழ உள்ள கம்ப்யூட்டரத் தொறந்து பில்லு போட முடியுமான்னு கேட்டா கடைல எல்லாரும் சிரிக்கிறாங்க.

போடிமெட்டு:
சிரிக்காம என்ன செய்வாங்க தம்பி. அம்புட்டுப் பெரிய ஸ்கிரீன எட்டு இஞ்சுக்குள்ள அடைச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அதுலயும் டேலி மவுஸுல ஓடுற சாமானா? சேல்ஸுக்கு எஃப்8, பர்ச்சேஸுக்கு எஃப்9, தேதிக்கு எஃப்2, டேப் கீபோர்டுல எஃப்8 எங்க இருக்கு காட்டு பாப்போம். ஒரு பழைய லேப்டாப்ப வாங்கி டேலிய அதுலயே போட்டுக்க, சோலி முடிஞ்சது.

லோயர்கேம்ப்வாசி:
அண்ணே எஃப் வரிசை உள்ள சின்ன ப்ளூடூத் கீபோர்டு கெடைக்குது, டேப்போட சேத்தாலும் ஒரு டிபன்பாக்ஸ் கனம்தான் வரும். நான் ரெண்டு வருசமா குமுளில இருந்து இப்படித்தான் வீட்டு சிஸ்டத்த ஓட்டுறேன். க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப்னு தூரத்துல இருந்தே சிஸ்டத்த ஓட்டுற ஆப்பு, காசு கெடையாது, ஆறு நம்பர் பின் போட்டாப் போதும். டேலி ஸ்கிரீன் பூரா எழுத்துதானே, மாறுன எடம் மட்டும்தான் நெட்டுல வரும், அதனால சிக்னல் ரெண்டு புள்ளில நின்னாக்கூட இழுத்துப் பறிச்சு ஓடும். லேப்டாப்புல டேலி போட்டா கீழ ஒரு கணக்கு மேல ஒரு கணக்குன்னு ரெண்டாயிரும், அப்புறம் ராத்திரி உக்காந்து எது சரின்னு தேடணும். டேப் மழைல நனைஞ்சு போனாலும் கணக்கு கீழ பத்திரமா இருக்கும்ணே.

போடிமெட்டு:
நனைஞ்சா சரி, களவு போனா? எடுத்தவன் கைல கடையே போகும்.

லோயர்கேம்ப்வாசி:
டேப்புக்கு லாக் போடாம, பின்ன டேப் கவர்ல எழுதி ஒட்டி வச்சா போகத்தான் செய்யும். (எங்க முதலாளி அப்படித்தான் ஒட்டி வச்சிருந்தாரு, கிழிச்சுப் போட்டேன்.)

பாளையம்பையன்:
நானும் ஒண்ணு கேக்கவா, விண்டோஸ்லயே ரிமோட் டெஸ்க்டாப்னு இருக்கே அது போதாதா? ரவுட்டர்ல அதுக்குள்ள வாசல் மாதிரி உள்ள 3389 போர்ட்ட தொறந்து விட்டா எங்க இருந்தும் வரலாம்னு ஒரு வீடியோல சொன்னாங்க.

லோயர்கேம்ப்வாசி:
அத மட்டும் செஞ்சிராத மாப்ள!! மொதல்ல உன் சிஸ்டம் விண்டோஸ் ஹோம்னா அது மத்தவனுக்குத் தொறக்காது, ப்ரோ வேணும். ரெண்டாவது, 3389 தொறந்து கெடக்குதான்னு ஊரு ஒலகமே தேடிக்கிட்டு இருக்கு. 2019ல ப்ளூகீப்னு ஒரு ஓட்டை வந்து, மைக்ரோசாஃப்ட் எப்பவோ கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கே திரும்ப ஒட்டுப்போட வேண்டியதாச்சு, நெனச்சுப் பாத்துக்க. அதே விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்தான் வேணும்னா டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னுக்குள்ள, அதாவது நம்ம மெஷினுங்க மட்டும் பேசிக்கிற தனி வழிக்குள்ள வச்சு ஓட்டு, போர்ட்டே தொறக்க வேணாம்.

போடிமெட்டு:
பாத்தியா, இவரே பயமுறுத்துறாரு. எனிடெஸ்க்னு இதே மாதிரி ஒரு ஆப்பு இருக்கே, அது கதையும் சொல்லிரு. பேங்குல இருந்து பேசுறேன்னு சொல்லி அத எறக்கச் சொல்லி காச உருவுனானுங்க, 2019 பிப்ரவரில ரிசர்வ் வங்கியே அது பேரச் சொல்லி எச்சரிக்கை விட்டுச்சு.

லோயர்கேம்ப்வாசி:
அது சாவிய நாமளே திருடன் கைல குடுக்குற கதைண்ணே, நம்ம சிஸ்டத்த நாமளே தொறக்குறது வேற. அதுக்குன்னு வீட்டுக் கதவே வைக்காம இருப்போமா?

கம்பம்கணக்கு:
சண்ட போடாதீங்கண்ணே, எனக்கு உண்மையான பயம் கரண்டுதான். நான் மேல இருக்கைல கீழ கரண்டு போய் சிஸ்டம் அணைஞ்சிருச்சுன்னா?

போடிமெட்டு:
இதத்தான்யா நான் மொதல்லயே கேட்டிருக்கணும். அணைஞ்சா 'டேய் எந்திரி'ன்னு மலைல இருந்து கத்துவியா?

லோயர்கேம்ப்வாசி:
இது நியாயமான கேள்வி. சிஸ்டம் ஆன் ஆகுறப்பவே வர்ற பயாஸ் செட்டிங்குக்குள்ள போனா கரண்டு திரும்ப வந்ததும் தானா ஆன் ஆகுறதுக்கு ஒரு செட்டிங் இருக்கும், அதப் போட்டு வை. ஸ்லீப்ப சுத்தமா நிறுத்திரு, தூங்குற சிஸ்டத்துக்குள்ள யாரும் போக முடியாது. நெட்வொர்க் வழியா சிஸ்டத்த எழுப்புற வேக் ஆன் லேன் இருக்கேம்பாங்க, வயரு குத்தியிருந்தா கடைக்குள்ள இருந்து எழுப்பலாம், மலைல இருந்து எழுப்ப கடைல எப்பவும் முழிச்சிருக்குற இன்னொரு சாமான் வேணும். அதோட ரவுட்டருக்கும் சேத்து ஒரு யுபிஎஸ் போடு, சிஸ்டம் மட்டும் முழிச்சிருந்து என்ன புண்ணியம். இன்னொண்ணு, க்ரோம்ல போனா நீ மேல அடிக்கிறது எல்லாம் கீழ மானிட்டர்லயும் தெரியும், போறப்ப மானிட்டர அணைச்சிட்டுப் போ. எங்க வீட்ல மொத நாள் மவுஸு தானா நகர்றதப் பாத்துட்டு எங்க அம்மா திருநீறு எடுத்துட்டு வந்துட்டாங்க.

போடிமெட்டு:
சரி, ஸ்டாக்கு பாக்க, ரெண்டு பில்லு போட ஆகும்னு வச்சுக்குவோம். நாப்பது அம்பது பில்லுன்னா கண்ணு அவிஞ்சிரும், நான் சொன்னது சொன்னதுதான். முதலாளிகிட்ட லேப்டாப் கேட்டுப் பாரு தம்பி.

கம்பம்கணக்கு:
கேட்டேன்ணே. ஏலக்கா வெல ஏறட்டும் பாக்கலாம்ங்கிறாரு. கீபோர்டு வாங்கக் கெளம்புறேன்.