ஆறாம் லயத்துக் குடும்பம்

செவ்வாய், இரவு 8:14

திலகா: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை காலை ஏழரைக்கு என் நான்காம் படிவப் பிள்ளைகள் 14 பேரைக் கோயிலுக்கு அழைத்து வருகிறேன். லேண்ட்ஸ்கேப் பாடத்துக்குச் செய்முறை வேலை வேண்டும், கோயில் முன்புறமும் கும்பாபிஷேகத்துக்குள் ஒழுங்காக வேண்டும், இரண்டும் ஒன்றாக முடியட்டும் என்று தலைவரிடம் பேசிவிட்டேன். மண்வெட்டி 6, கைவண்டி 2, நீளமான கயிறு, முளைக்குச்சி, அப்புறம் சுரேஷ் லாரி. யாரிடம் என்ன இருக்கிறது?

சுரேஷ்: லாரி இருக்கிறது அக்கா. டீசல்தான் இல்லை

கமலா அத்தை: 14 பேருக்குச் சாப்பாடு?

செல்வம் மாமா: தலைவரிடம் பேசினாய், சரி. பொருளாளரிடம்?

ரவி: பொருளாளர் இந்தக் குழுவில்தானே இருக்கிறார் மாமா

செல்வம் மாமா: இருந்தும் இப்போதுதான் தெரிகிறது. முன்புறம் முழுக்க இன்டர்லாக் கல் போடுவதாகக் கமிட்டியில் பாதி முடிவாகிவிட்டது. அந்த மகிழ மரத்தின் தலையையும் வெட்டினால் பந்தல் போடச் சௌகரியம்.

இந்திரா சித்தி: மரமா

இந்திரா சித்தி: மறுபடியும் மரமா

ரவி: 1998 🪓

செல்வம் மாமா: பலா மரத்தை இப்போது யார் பேசினார்கள்?

இந்திரா சித்தி: யாரும் பேசவில்லை அண்ணன். சுரேஷ் அப்பா நட்டது. அவ்வளவுதான்.

கமலா அத்தை: சாப்பாடு கேட்டேனே

திலகா: மாமா, ஒரு நிமிடம். மகிழ மரத்தைச் சுற்றிக் கல் இறுக்கினால் மரம் மெதுவாகச் சாகும். வேர் ஆழமாகப் போகிறது என்று நாம் நினைக்கிறோம், பெரும்பாலான வேர் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, கிளை விரிந்த இடத்தையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. அதற்குக் காற்றும் தண்ணீரும் போக வேண்டும். இன்னொன்று, போன வாரம் பெரிய மழை பெய்தபோது பிள்ளைகளை மழைக்கோட்டோடு கோயில் வாசலில் நிற்க வைத்தேன். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் போட்டுக்கொண்டார்கள், மழை விட்டதும் கோலமாவால் தரையில் கோடு போட்டார்கள். முழுக்கக் கல் போட்டால் அவ்வளவு தண்ணீரும் நேராக மடைப்பள்ளிக்குத்தான் போகும்.

திலகா: (படம்)

கமலா அத்தை: மடைப்பள்ளிக்கா!!

செல்வம் மாமா: சரிவு வைத்துப் போடுவார்கள்.

சுரேஷ்: போன தடவையும் சரிவு வைத்துத்தான் போட்டார்கள் மாமா

மணியம் பெரியப்பா: திலகா சொல்வது சரி. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எதையும் நடுவதற்கு முன்னால் கோடு பிடிக்க வேண்டும். நான் நர்சரி மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்த 22 வருஷத்தில் கோடு பிடிக்காமல் ஒரு கன்று நட்டதில்லை. நம்ம தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை, அதுதான் எண்ணெய்ப்பனை, நட்டார்கள், ஒரு பிரெஞ்சு துரை

ரவி: 1917 வந்துவிட்டது. எல்லாரும் டீ போட்டுக்கொண்டு வாருங்கள்

மணியம் பெரியப்பா: அனுப்பும் முன்னால் விரல் பட்டுவிட்டது. ஒரு பிரெஞ்சு துரை, அதற்கு முன் செம்பனை இங்கே அழகுக்கு வைக்கிற மரம், தெருவோரத்தில் நிற்கும், இன்று நீங்கள் படிக்கிற லேண்ட்ஸ்கேப்தான். செம்பனையைச் சதுரமாக நட மாட்டோம், முக்கோணம். மரத்துக்கு மரம் 9 மீட்டர். ஏக்கருக்கு 58 மரம் வரும். சதுரமாக நட்டால் மூலையில் வெயில் வீணாகும், முக்கோணத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் ஆறு பக்கமும் ஒரே அளவு இடம். முதல் கோட்டுக்குச் செங்கோணம் எப்படிப் பிடிப்போம் தெரியுமா, கயிற்றில் ஒரே இடைவெளியில் 12 முடிச்சு, மூன்று நான்கு ஐந்து என்று இழுத்துப் பிடித்தால் மூலை நேராக நிற்கும். தோட்டத்து எழுத்தர் கிராணிகூட இதை என்னிடம்தான் கற்றுக்கொண்டார்.

திலகா: பெரியப்பா, அந்தக் கயிற்றை அப்படியே கொண்டு வாருங்கள். உண்மையாகத்தான் கேட்கிறேன். கணக்கில் சிவப்பு வாங்குகிற பிள்ளைகள் பாதிப்பேர், இதைக் கையில் பிடித்தால் புரிந்துவிடும். முன்புறம் 18 மீட்டருக்கு 11 மீட்டர். காகிதத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரையச் சொல்லியிருக்கிறேன். இதுவரை வந்த வரைபடங்களில் ஒன்றில் மகிழ மரம் மூலஸ்தானத்துக்குள் நிற்கிறது.

ரவி: 😂😂 சாமிக்கு நிழல்

மணியம் பெரியப்பா: அரை மணி நேரம் எனக்குக் கொடு.

கமலா அத்தை: இவர்தான் அன்றைக்கு "மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் படிக்க வைத்தோம்" என்று தம்பியிடம் குதித்தவர்

மணியம் பெரியப்பா: அது அப்போது.

கமலா அத்தை: மூன்று மாதம் திலகா இவர் வீட்டுப் பக்கமே போகவில்லை

திலகா: அத்தை, விடுங்கள்.

மணியம் பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ரவி: என்ன எழுதினீர்கள் அப்பா

மணியம் பெரியப்பா: எழுத்துப் பிழை.

புதன், காலை 6:02

செல்வம் மாமா: (படம்: தாமரைப் பூ, "இனிய காலை வணக்கம்")

இந்திரா சித்தி: பூ என்றதும் நினைவு வந்தது. அரளி வைக்க வேண்டும் திலகா. பூஜைக்கு வாரம் வாரம் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு பக்கமும் சிவப்பு அரளி வரிசையாக

திலகா: முன்புறத்தில் வேண்டாம் சித்தி. அரளி இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். பக்கத்துத் தாடிகா பாலர் பள்ளியிலிருந்து சின்னப் பிள்ளைகள் வாசலில்தான் விளையாட வருகிறார்கள். பின்னால் கிணற்றுப் பக்கம் வேலிக்குள் இரண்டு வைக்கலாம், பறிப்பவர் கை கழுவ வேண்டும். முன்னால் நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, துளசி. எல்லாம் பூஜைக்கு ஆகும்.

இந்திரா சித்தி: எங்கள் அம்மா காலத்தில் அரளிதான் எங்கும்

சுரேஷ்: அம்மா, உங்கள் அம்மா காலத்தில் பூச்சி மருந்தையும் வெறும் கையால்தான் கலக்கினார்கள்

செல்வம் மாமா: இட்லிப்பூ போன முறை வைத்தோமே, புது மதில் ஓரம். எல்லாம் மஞ்சளாகிப் போனது. உரம் மூன்று மூட்டை போட்டேன்.

திலகா: உரம் காரணம் இல்லை மாமா. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு ஊறி மதில் ஓர மண் காரமாகிவிட்டது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளித்த மண் வேண்டும், இல்லாவிட்டால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, அப்படித்தானே இருந்தது?

செல்வம் மாமா: அப்படித்தான்.

செல்வம் மாமா: மூன்று மூட்டைக் காசு போச்சு.

திலகா: இந்த முறை மதிலை விட்டுத் தள்ளி, 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் ஒரு பாத்தி. பெரியப்பாவின் அதே முக்கோணம்தான், 9 மீட்டருக்குப் பதில் 40 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 52 செடி. ஒரு பைச் செடி 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு, மொத்தம் 130 வெள்ளி.

ரவி: 1917 கடைசியில் பயன்பட்டுவிட்டது

மணியம் பெரியப்பா: 👍

செல்வம் மாமா: 130 யார் தருவது?

(நான்கு மணி நேரம் யாரும் எழுதவில்லை)

புதன், மதியம் 12:40

கமலா அத்தை: புரட்டாசி சனிக்கிழமை. கோழி கீழி என்று யாரும் வாயைத் திறக்காதீர்கள். சைவ மீகூன், சம்பல், தேத்தண்ணீர். எத்தனை பேர் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

சுரேஷ்: நான் இரண்டு பேர் அத்தை

ரவி: ஜோகூரிலிருந்து மனதார வருகிறேன்

கமலா அத்தை: மனதாரச் சாப்பிட்டுக்கொள்

சுரேஷ்: அக்கா, செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெறுங்குலை ஒரு லாரி கிடைக்கும். மேலே போட்டால் களை வராது, ஈரம் நிற்கும். கொண்டு வரவா?

மணியம் பெரியப்பா: கொண்டு வா, ஆனால் குவிக்காதே. ஒரே அடுக்கு. குவித்து மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும், அப்புறம் கோயில் தென்னை மூன்றும் போய்விடும். தோட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது. வெறுங்குலையில் பொட்டாஷ் நிறைய, மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும், அதனால் முதல் சில மாதம் உரம் அதிகம் வேண்டாம், செல்வத்துக்கும் சொல்கிறேன்.

செல்வம் மாமா: எனக்கு எதற்குத் தனியாக மச்சான்?

திலகா: தண்டை ஒட்டிப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எப்போதும் மலை மாதிரி குவித்துத் தண்டை மூடிவிடுகிறார்கள், பட்டை ஈரத்தில் அழுகிவிடும். உளுந்து வடை மாதிரி இருக்கட்டும் என்று சொன்னேன், நடுவில் ஓட்டை, அதற்குள் செடி. அதற்கு அப்புறம் ஒருவனும் தப்பாகப் போடவில்லை.

கமலா அத்தை: வடையும் போடவா?

சுரேஷ்: 🙋🙋

திலகா: அத்தை, அது உவமை.

திலகா: சரி, போடுங்கள்.

திலகா: இன்னொரு விஷயம். மூன்று வருஷம் முன்னால் இளைஞர்கள் கோத்தோங் ரோயோங் கூட்டுவேலை நாளில் நட்ட அந்தச் செம்பருத்தி வளரவே இல்லை என்று சொல்வீர்களே, நேற்று பிள்ளைகளை விட்டுப் பிடுங்கிப் பார்த்தோம். கறுப்புப் பையோடு அப்படியே நட்டிருக்கிறார்கள். வேர் உள்ளுக்குள்ளேயே சுற்றி இடியாப்பம் மாதிரி.

திலகா: (படம்)

ரவி: அன்றைக்கு யார் நட்டது

சுரேஷ்: படம் தெளிவாக இல்லை

ரவி: டேய் நீதானே

சுரேஷ்: அன்றைக்கு அவசரம்

திலகா: அதை வகுப்பில் மேசை மேல் வைத்திருக்கிறேன். நான் சொல்வதை விட அந்த வேர் நன்றாகப் பாடம் நடத்துகிறது. சனிக்கிழமை குழி எப்படி என்று: அகலம் வேர்க்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு, ஆழம் அதே அளவு, தாழ்த்தி நடக் கூடாது, பையைக் கிழி, சுற்றிய வேரை வெட்டி விடு. மகிழ மரத்தின் தலையில் யாரும் கை வைக்க வேண்டாம் மாமா. பந்தலுக்கு இடிக்கிற அந்த ஒரு தாழ்ந்த கிளை மட்டும் போதும். முதலில் அடியில் கொஞ்சம் அறுப்பு, அப்புறம் அதற்கு வெளியே மேலிருந்து, கடைசியாகக் கிளை தண்டில் சேரும் கழுத்தை ஒட்டி மிச்சத்தை. இல்லையென்றால் கிளை விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு விழும்.

செல்வம் மாமா: கல்லுக்கு முன்பணம் கேட்கிறார்கள்.

திலகா: நடைபாதைக்கு மட்டும் போடுங்கள் மாமா. அதுவும் வாசலிலிருந்து நேராக வேண்டாம். பிள்ளைகள் இரண்டு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எண்ணினார்கள், பாட்டிகள் யாருமே நேர்வழியில் வருவதில்லை, பஸ் நிற்கிற இடத்திலிருந்து குறுக்கே புல்லை மிதித்துத்தான் வருகிறார்கள். அந்தத் தடம் ஏற்கனவே மண்ணில் இருக்கிறது. அங்கேயே கல்லைப் போட்டால் புல்லைக் காப்பாற்ற வேலி வேண்டாம்.

இந்திரா சித்தி: நானும் அப்படித்தான் வருவேன்

கமலா அத்தை: நானும்

செல்வம் மாமா: கோணலாகப் போட்டால் பார்க்க எப்படி இருக்கும்?

கமலா அத்தை: பலா மரத்தை வெட்டிக் கார் கொட்டகை போட்டபோது நேராகவா இருந்தது

ரவி: அத்தை 🔥

இந்திரா சித்தி: அண்ணி, வேண்டாம். போகட்டும்.

செல்வம் மாமா: வியாழன் கமிட்டிக் கூட்டத்தில் வைக்கிறேன். உறுதி சொல்ல முடியாது. வாசலில் இரண்டு பெரிய தொட்டியில் தாமரையாவது வைக்கலாமா, அதற்கும் பாடம் இருக்கிறதா?

திலகா: வைக்கலாம் மாமா, கப்பி மீன் விட வேண்டும். பூந்தொட்டித் தட்டு எதுவும் வேண்டாம். கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி கட்ட வேண்டி வரும்.

இந்திரா சித்தி: தெரியும் தெரியும்

சுரேஷ்: அம்மா கட்டியிருக்கிறார்

இந்திரா சித்தி: குழுவில் சொல்ல வேண்டுமா இதை

புதன், இரவு 9:31

திலகா: சனிக்கிழமை வேலையை விட எனக்கு அதற்கு அடுத்த வேலைதான் கவலை. நட்டுவிட்டுப் படம் எடுத்துப் போட எல்லாரும் வருவார்கள். மழை வராத நாளில் காலையில் ஊற்ற ஆள் வேண்டும், வாரம் ஒரு முறை களை எடுக்க வேண்டும், கட்டிய குச்சியை இறுக்காமல் பார்த்து, வேர் பிடித்ததும் அவிழ்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு மதிப்பெண் வரைபடத்துக்கும் நடவுக்கும் பாதி, மீதிப் பாதி ஆறு வாரம் கழித்துச் செடி எப்படி நிற்கிறது என்பதற்குத்தான். தீபாவளி வாரத்தில் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த ஏழு நாள் யார்? பெயர் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர்.

மணியம் பெரியப்பா: திங்கள், செவ்வாய், புதன் நான்.

ரவி: அப்பா, உங்கள் முட்டி

மணியம் பெரியப்பா: ஊற்றுவது கை.

சுரேஷ்: வியாழன் நான். தீபாவளி அன்று இல்லை என்றால்

இந்திரா சித்தி: வியாழன்தான் தீபாவளி

சுரேஷ்: அப்போது வெள்ளி

ரவி: அது தீபாவளிக்கு மறுநாள், நீ எழுந்திருக்கவே மாட்டாய்

திலகா: வியாழன்? சனி? ஞாயிறு?

திலகா: மாமா?

செல்வம் மாமா: கூட்டம் முடிந்து சொல்கிறேன்.

கமலா அத்தை: யாராவது போன திருவிழாவுக்கு எடுத்துப் போன என் பெரிய அண்டாவைக் கொண்டு வந்தால்தான் சனிக்கிழமை மீகூன். யாரிடம் இருக்கிறது?

கமலா அத்தை: இரண்டு நீல டிக் காட்டுகிறது. படித்துவிட்டீர்கள்

சுரேஷ்: லாரியில் இருக்கிறது அத்தை. உள்ளே சிமெண்ட்