கல்லூரியில் கொடிகட்டிய கோச் என்.எஃப்.எல்.-இல் தேறுவாரா?

நாலாவது டவுன்:
ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் சில அணிகள் கோச்சை வீட்டுக்கு அனுப்புகின்றன. உடனே யாராவது ஒரு கல்லூரிக் கோச்சின் பெயர் அடிபடத் தொடங்குகிறது. இந்த ஆசை மட்டும் ஏன் தீரவே மாட்டேன் என்கிறது? ஸ்டீவ் ஸ்பரியர் 1996-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். என்.எஃப்.எல். அணியான வாஷிங்டனில் இரண்டு சீசனில் 12 வெற்றி, 20 தோல்வி. பாபி பெட்ரினோ 2007-இல் அட்லான்டாவில் 3–10 (3 வெற்றி, 10 தோல்வி) என்று இருக்கும்போதே, வீரர்களுக்கு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். அர்பன் மையர் கல்லூரியில் மூன்று தேசியப் பட்டம் வென்றவர். 2021-இல் ஜாக்சன்வில்லில் 2–11, சீசன் முடியும் முன்பே நீக்கம்.

காரணம் எளிது. கல்லூரியில் பாதி வெற்றி ஆட்களைச் சேர்ப்பதிலேயே இருக்கிறது. ஜெயிக்கிற இடத்துக்கே அடுத்த ஆண்டும் நல்ல பையன்கள் வருவார்கள். என்.எஃப்.எல்.-இல் கடைசி இடத்தில் வந்தவனுக்குத்தான் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் உரிமை. சம்பள உச்சவரம்பும் எல்லா அணிக்கும் ஒன்றே. கல்லூரிக் கோச்சுகளின் பெரிய ஆயுதத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பழைய ப்ளேபுக்:
தோற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் எதையும் நிரூபிக்கலாம் நண்பரே. ஜிம்மி ஜான்சன், பேரி ஸ்விட்சர், பீட் கேரல் மூவரும் கல்லூரிப் பட்டம், சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) இரண்டையும் வென்றவர்கள். ஜிம் ஹார்பா 2011-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தபோது சான் பிரான்சிஸ்கோ முந்தைய சீசனில் 6–10. அவர் வந்த முதல் சீசனிலேயே 13–3. நான்கு சீசனில் மொத்தம் 44–19–1 (கடைசி எண் சமன்).

இன்னொன்று. என்.எஃப்.எல். உதவிக் கோச்சுகள் பதவி உயர்ந்து வந்தால் மட்டும் எல்லாரும் தேறிவிடுகிறார்களா? கிரீன் பேயின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த நதானியல் ஹாக்கெட் 2022-இல் டென்வருக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். 4–11, முதல் சீசனைக்கூட முடிக்க விடவில்லை. அதற்காக "உதவிக் கோச்சுகளை எடுக்காதீர்கள்" என்று யாரும் சொல்லவில்லையே. கல்லூரிக்காரர் தோற்றால் மட்டும் அந்த இனத்துக்கே தோல்வி என்று எழுதுகிறீர்கள்.

நாலாவது டவுன்:
சரி, உங்கள் பட்டியலையே பார்ப்போம். டல்லாஸில் ஜான்சன் முதல் சீசனில் 1–15. அவர் மீண்டதற்குப் பெரிய காரணம், 1989-இல் நட்சத்திர வீரர் ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்து வாங்கிய டிராஃப்ட் உரிமைகள். சம்பள உச்சவரம்பு வந்தது 1994-இல். அவருடைய இரண்டு சூப்பர் பௌலும் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. அதே ஜான்சன் 1996-இலிருந்து 1999 வரை மயாமியில் 36–28. கடைசி ஆட்டத்தில் ஜாக்சன்வில்லிடம் 62–7 என்று உதை. ஸ்விட்சர் வென்றது ஜான்சன் கட்டிய அணியை வைத்து. கேரல் கல்லூரிக்குப் போகும் முன்பே என்.எஃப்.எல்.-இன் ஜெட்ஸ், பேட்ரியட்ஸ் இரண்டிலும் தலைமைக் கோச். ஹார்பா 14 சீசன் என்.எஃப்.எல்.-இல் குவாட்டர்பேக்காக (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஆடியவர். இவர்களில் பாதிப்பேர் கல்லூரிக்காரர்களே இல்லை, கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்த என்.எஃப்.எல்.காரர்கள்.

மூணாம் வரிசை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். "முன்பே என்.எஃப்.எல். பார்த்திருந்தால் தேறலாம்" என்பது பாதிதான் சரி. கல்லூரியிலிருந்து மயாமிக்கு வந்த நிக் சேபன் 1991–94-இல் கிளீவ்லாண்டில் பில் பெலிசிக்கின் கீழ் தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். அவருக்கு என்ன அனுபவம் குறைவு? 2004-இல் 4–12 என்று கிடந்த மயாமியை எடுத்து அடுத்த சீசனிலேயே 9–7 ஆக்கினார். அதற்குப் பிறகுதான் குவாட்டர்பேக் பிரச்சினை. தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட டிரூ பிரீஸ் வேண்டுமா, முட்டி போன டான்டே கல்பெப்பர் வேண்டுமா என்ற கேள்வி. மயாமி மருத்துவர்கள் தோளைப் பார்த்துத் தயங்கினார்கள். கல்பெப்பர் வந்து நான்கே ஆட்டம் ஆடினார். பிரீஸ் நியூ ஆர்லியன்ஸுக்குப் போய் 2010 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்றார். கோச் எங்கிருந்து வந்தார் என்று இங்கே சண்டை போடுகிறோம், குவாட்டர்பேக் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாலாவது டவுன்:
"பிரீஸ் வந்திருந்தால்" கதையை இருபது வருடமாகக் கேட்கிறேன். அதுவும் என் பக்கம்தான் பேசுகிறது. சேபன் அடுத்துப் போன அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒரு குவாட்டர்பேக் சரியில்லை என்றால் பெஞ்சில் இன்னொருவர் இருப்பார், அடுத்த ஆண்டு இன்னும் இருவர் வருவார்கள். அங்கே ஆறு பட்டம் எடுத்த அதே சேபன், ஒரு முடிவு தவறினால் மொத்தமும் போய்விடும் லீகில் 15–17.

இன்னொரு பக்கம், வளர்ந்த ஆட்களை நடத்துவது. மையர் சின்சினாட்டியில் தோற்ற பிறகு அணியோடு விமானம் ஏறாமல் ஓஹையோவிலேயே தங்கிவிட்டார். கல்லூரியில் கோச்சை எவன் தட்டிக் கேட்பான்? இங்கே அறையில் இருக்கிற பாதிப்பேர் கோடீஸ்வரர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள்.

பழைய ப்ளேபுக்:
மையரை நானும் தாங்கிப் பேச மாட்டேன். ஆனால் சிப் கெல்லியை எடுங்கள், அவர்தான் இந்த விவாதத்துக்குச் சரியான ஆள். ஆரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து அதே வேகமான ஆட்டத்தைக் கொண்டு 2013-இல் ஃபிலடெல்ஃபியா வந்தார். 10–6. குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் அந்த சீசனில் 27 டச்டவுன் (எல்லைக்குப் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், எதிரணியிடம் பறிகொடுத்தது இரண்டே பந்து. அடுத்த சீசனும் 10–6. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. 2015-இல் ஆட்களைச் சேர்க்கும் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். நட்சத்திர வீரர் லெஷான் மெக்காயைப் பஃபலோவுக்குத் தள்ளினார். 6–9, கடைசி ஆட்டத்துக்கு முன்பே வேலை போனது. கோச் வேலையை ஒழுங்காகச் செய்தவரை, கல்லூரியில் போல எல்லாமும் நீயே பார் என்று விட்டுக் கெடுத்தார்கள். இதில் முட்டாள்தனம் உரிமையாளருடையது.

மூணாம் வரிசை:
கெல்லி விஷயத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வேகமாக ஆடினால் பந்தையும் வேகமாக விடுவீர்கள், உங்கள் தடுப்பாட்டக்காரர்கள் மூச்சு வாங்காமல் களத்துக்குத் திரும்ப வேண்டும். கல்லூரியில் 85 உதவித்தொகை வீரர்கள் இருந்தார்கள், மாற்றி மாற்றி இறக்கலாம். என்.எஃப்.எல்.-இல் 53 பேர்தான். அடுத்த சீசன் சான் பிரான்சிஸ்கோவில் 2–14, அங்கே ஆள் சேர்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அப்புறம், இப்போது கல்லூரியே மாறிவிட்டது. 2021 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கல்லூரிக்குத் தாவலாம். 2025 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தருகிறது. இனி வருகிற கோச்சுகளுக்குப் பேரம், ஒப்பந்தம் எல்லாம் புதிதாக இருக்காது.

நாலாவது டவுன்:
அப்படியென்றால் எதிர்த்திசையிலும் எளிதாக இருக்க வேண்டுமே. ஆறு சூப்பர் பௌல் வென்ற பெலிசிக் 2025-இல் வட கரோலைனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 4–8. இவை இரண்டும் வேறு வேறு வேலை, அவ்வளவுதான். பேய்லர் பல்கலைக்கழக அணியைத் தூக்கி நிறுத்தியவர் என்று மேட் ரூலுக்கு என்.எஃப்.எல். அணியான கரோலைனா பாந்தர்ஸ் ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்தது. 11–27, மூன்றாம் சீசனில் ஐந்தே ஆட்டம் தாங்கினார்.

பழைய ப்ளேபுக்:
ஹார்பா மறுபடி வந்திருக்கிறாரே? மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 15–0 என்று பட்டம் வாங்கிய கையோடு என்.எஃப்.எல். அணியான சார்ஜர்ஸுக்கு வந்தார். 5–12 அணி 2024-இல் 11–6. ஆட்களைச் சேர்க்க ஜோ ஹோர்ட்டிஸ் என்று தனி ஜெனரல் மேனேஜர். நான் சொல்வது இதைத்தான்.

நாலாவது டவுன்:
ப்ளேஆஃபில் (நாக்அவுட் சுற்று) ஹூஸ்டனிடம் 32–12 என்று தோல்வி. சூப்பர் பௌல் வென்று மோதிரம் வாங்கட்டும், பேசுவோம்.

பழைய ப்ளேபுக்:
நான் ஜெட்ஸ் ரசிகன் ஐயா. 1976-இல் எங்களுக்கும் ஒரு கல்லூரிக் கோச் வந்தார், லூ ஹோல்ட்ஸ். 3–10 ஆனதும் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கையிலேயே விலகி, பெட்ரினோ போன அதே ஆர்கன்சாவுக்குத்தான் போனார். அப்படியும் சொல்கிறேன், எனக்கு மோதிரமெல்லாம் வேண்டாம். ப்ளேஆஃபில் 32–12 என்று தோற்கிற அணி ஒன்று கிடைத்தால் போதும்.